எண்ணெய் பூசாத தூண்கள்

நல்லரத்தினம் கழிவு ஒயில் வாளியைக் கொண்டுவந்து மாமரத்தின் கீழ் வைத்தான். அவனுடைய அக்கா மங்கையற்கரசி அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

"இது என்ட வளவுக்குள்ள வரப்படாது."

"அப்ப கறையான் வரட்டும். வந்து தூணையும் தின்னட்டும், தேன்பெட்டியையும் தின்னட்டும், கடைசியா உன்னையும் தின்னட்டும்."

"என்னத் தின்ன கறையானுக்குப் பல்லுக் காணாது. நீ வாளிய எடுத்துக்குப் போ."

வவுணதீவிலிருந்து, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் கரையோரமாக வடக்கே போனால் தில்லைமுனை வரும். சிறிய ஊர். அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம். சண்டை நிறுத்தம் அறிவித்திருந்தார்கள். துறையடியில் தோணிகள் மறுபடி ஓடின. ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் கணவனைக் கொண்டுபோன பிறகு, மங்கையற்கரசி தேனீ வளர்த்துத்தான் சீவித்துவந்தாள். முந்திய மாரியில் அவளிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. தச்சுவேலை செய்யும் தம்பி, கறையானும் எறும்பும் ஏறாமல் இருக்கட்டும் என்று தாங்கிகளின் கால்களுக்கும் பெட்டிகளின் அடிக்கும் தாராளமாகக் கழிவு ஒயிலை, ஊரில் கறுப்பெண்ணெய் என்பதை, பூசிக் கொடுத்தான். சில நாட்களில் பெட்டிகளின் கீழே தேனீக்கள் அவித்துக் கொட்டிய நெல்லைப்போலக் குவிந்து கிடந்தன. அன்றிலிருந்து அந்த எண்ணெயை அவள் வளவுக்குள் விடவில்லை.

பிறகு அவளே ஒரு நாவல் மரப் பொந்திலிருந்து புதிய கூட்டமொன்றைப் பிடித்து வந்தாள். அது பெருகி மூன்று பெட்டிகளாயிற்று. மூன்றுக்கும் சேர்த்து மழை வெயில் படாமல் ஓலைக் கொட்டில் ஒன்று போட வேண்டும். தூணுக்கென்று காய்ப்பு நின்றுபோன தென்னை ஒன்றைத் தறித்தாயிற்று. குற்றிகளுக்கு என்ன பூசுவது என்பதில்தான் இழுபறி.

"தார் காய்ச்சிப் பூசுவமா?" என்றான் தம்பி.

"சித்திரை வெயிலுக்கு உருகி வழியும். பூச்சி அதில ஒட்டிச் சாகும்."

"வேப்பெண்ணெய்?"

"ஒரு மழைக்குக் கழுவிப் போகும்."

"சுறா எண்ணெய் பூசுவம். ஊர்ப் பூனையெல்லாம் வந்து காவலிருக்கும்."

பக்கத்து வளவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வல்லிபுரம், வீச்சுவலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு வேலிக்கு அப்பால் இருந்தான்.

"மச்சாள், பூசுற கதைய விடுங்க. ஆத்துச் சேத்துக்குள்ள தாட்டு வைங்க. என்ட வீட்டுக் கூரை வளையெல்லாம் அப்பிடி ஊறப்போட்டதுதான். அப்பா காலத்துச் சாமான். இன்னும் ஒரு வண்டு துளைக்கல்ல."

"எவ்வளவு காலம் கிடக்க வேணும்?"

"தை, மாசி, பங்குனி. சித்திரை பிறந்தாப்பிறகு எடுக்கலாம்."

நல்லரத்தினம் தலையில் கைவைத்தான். "மூணு மாசமா! மூணு மாசத்துக்குப் பிறகு நாம இஞ்ச இருப்பமோ என்னவோ."

அந்தக் கரையில் எல்லோரும் அறிந்த முறைதான் அது. தென்னை மரத்தின் மாச்சத்து உவர்நீரில் கரைந்துபோனால் பூச்சிக்கு அதில் தின்ன ஒன்றுமிராது. ஆனால் யுத்தம் தொடங்கிய பிறகு யாரும் மரத்தை ஊறப்போடவில்லை. இன்று தறித்து, நாளை எண்ணெய் பூசி, மறுநாள் நட்டார்கள். மூன்று மாதத்துக்கு முன்கூட்டி ஒரு காரியம் தொடங்கும் எண்ணமே ஊரில் இல்லாமற் போயிருந்தது. சண்டை நிறுத்தம் வந்ததால்தான் மங்கையற்கரசிக்கு அந்த எண்ணம் வந்தது.

"தாட்டு வைப்பம்," என்றாள்.

வல்லிபுரத்தின் தோணித்துறைக்கு முன்னால்தான் சேறு ஆழம். குற்றிகளை அங்கே அமிழ்த்திக் கல் ஏற்றினார்கள். அவன் அதற்கு மேல் கண்டல் கிளைகளை வெட்டிப் பரப்பினான். கிளைகளுக்குள் மீன் அடையும்.

"இதுக்கு எனக்கு ஒரு போத்தல் தேன். சீனிப்பாணி கலக்காத தேன்."

"கொட்டில் எழும்பட்டும், தாறன்."

"வாக்கு மாறாதீங்க மச்சாள். எனக்கு இனிப்பான ஆக்கள் எண்டு வீட்டில ஒருத்தருமில்ல."

அவன் மனைவி சின்னத்தங்கம் அடுப்படியிலிருந்தே கத்தினாள். "நீ ஆத்துக்க மூணு மாசம் ஊறிக்கிட. அப்பயாவது உன்ட உளுத்த வாய் நல்லா வருதா பாப்பம்."

சித்திரைப் புதுவருடம் வந்தது. வருடம் பிறந்ததும் நல்ல நேரம் பார்த்துக் கைவிசேசக் காசு வாங்குவார்கள்; தொழில் தொடங்குவதற்கும் நாள் பார்ப்பார்கள். மரம் எடுப்பதற்கும் அப்படியொரு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் திருகோணமலையில் கடற்படைக் கப்பல்களைப் போராளி இயக்கம் வெடிவைத்துத் தகர்த்தது. சண்டை திரும்பத் தொடங்கிற்று. துறையடியில் தோணி நின்றது. வாவியில் இறங்குகிறவனைக் கண்டால் சுடுவோம் என்று ஆமி முகாமிலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். குற்றிகள் சேற்றிலேயே கிடந்தன.

ஒருநாள் காலை ஆமிக்காரர்கள் சேற்றுக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று கரையோரமாகக் கம்பி குத்திக்கொண்டு வந்தார்கள். வல்லிபுரத்தின் துறையில் கம்பி மரத்தில் முட்டியது. கண்டல் கிளைகளை இழுத்துப் போட்டார்கள். கிளைகளால் மூடி, கல் ஏற்றிச் சேற்றுக்குள் மறைத்து வைத்த தென்னங்குற்றிகள்! பங்கர் என்கிற பதுங்குகுழிக்கு இயக்கம் இப்படியான குற்றிகளைத்தான் கேட்டு வாங்கும். அவர்கள் வேறு யோசிக்கவில்லை. வல்லிபுரத்தைக் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள். தூக்கிய குற்றிகளையும் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள்.

சின்னத்தங்கம் வேலியைச் சுற்றி வராமல், அதைப் பிரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, குத்தி உன்டது. வந்து சொல்லு."

நல்லரத்தினம் குறுக்கே வந்தான். "சொன்னா இவளையும் வெச்சிருப்பான். மறுகா என்னையும் தேடி வருவான். கொஞ்சம் பொறுங்க, விசாரிச்சுப்போட்டு விடுவாங்க."

"அக்காட புருசனையும் விசாரிக்கத்தான் கொண்டுபோனவங்க," என்றாள் சின்னத்தங்கம். "வந்திட்டாரா?"

மங்கையற்கரசி சேலையை மாற்றினாள். தம்பியின் பக்கம் பார்க்காமல் படலையைத் திறந்தாள்.

முகாம் வாசலில் இரண்டு பெண்களும் வெயிலில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னது மங்கையற்கரசியை மட்டும்தான். அதிகாரி ஒரு கப்டன். முப்பது வயதுக்குள் இருக்கும். சுத்தமாகச் சவரம் செய்த முகம். தமிழ் தெரியாததால், முகாமுக்கு மரக்கறி கொண்டுவரும் உசனாரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். உசனார் ஓட்டமாவடியைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி; எல்லோரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்பார்கள். சிங்களம் சரளமாகப் பேசுவார்.

"வீட்டுக் கூரைக்கு எண்டு சொல்லு புள்ள," என்று உசனார் தாடியைச் சொறிந்தபடி மெதுவாகச் சொன்னார். "தேன்பூச்சிக் கதை இஞ்ச எடுபடாது."

"என்ட வீடு தகரக் கூரை காக்கா. வந்து பாத்தா?"

அவள் உள்ளதைச் சொன்னாள். குற்றி தன்னுடையது, வல்லிபுரம் துறையை மட்டும் தந்தான், தேன்கொட்டிலுக்குத் தூண், எண்ணெய் பூசினால் தேனீ செத்துப்போகும், ஆகவே ஊறப்போட்டது. உசனார் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தார். கப்டன் நடுவில் மறிக்காமல் கேட்டான். முடிந்ததும் முகத்தில் சிரிப்பு வந்தது. கோபச் சிரிப்பல்ல, அவனுக்கு உண்மையாகவே கதை பிடித்திருந்தது.

"அவர்ர வாப்பாவும் வீட்டுச் சுவருக்குள்ள பானை வெச்சுத் தேன்பூச்சி வளத்தவராம்," என்றார் உசனார். "பானைக்குக் கீழ தார் பூசித்தான் இருந்ததாம். ஒரு பூச்சியும் சாகல்லியாம். ஒயில் பட்டாச் சாகும் எண்டது அவருக்குப் புதினமா இருக்காம்."

"நான் கண்ணால கண்டன்."

உசனார் சொல்ல, கப்டன் எழுந்து யன்னலருகே போய் நின்று ஏதோ நீளமாகப் பேசினான். உசனார் கேட்டுக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்கும்போது அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"பரீட்சை வெச்சுப் பாப்பமாம். ஜெனரேட்டர்ர கழிவு ஒயில உன்ட பெட்டிக்கும் தாங்கிக் காலுக்கும் பூசுவாங்களாம். இந்தக் கிழமைக்குள்ள பூச்சி மௌத்தானா நீ சொன்னது உண்மை. குத்தி உன்டதான். வல்லிபுரத்த விட்டுருவாராம். சாகாட்டி..."

"சாகாட்டி?"

"நீ இயக்கத்துக்காகப் பொய் சொல்ல வந்த ஆள். ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கு."

அன்று பின்னேரமே சிப்பாய்கள் வாளியோடு வந்தார்கள். மூன்று பெட்டிகளின் அடியிலும் தாங்கிகளின் கால்களிலும் கறுப்பெண்ணெயைத் தடவினார்கள். ஒருவனைக் காவலுக்கு விட்டுப்போனார்கள். இளந்தாரி, தேனீக்குப் பயந்து மாமரத்தடியில் தூரமாக இருந்துகொண்டான்.

முதல் நாள் தேனீக்கள் இரைந்தன. பெட்டிக்கு வெளியே வந்து தொங்கின. மங்கையற்கரசி அவற்றையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். அவை சாகவேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது அவளுக்கே பயமாக இருந்தது. அடுத்த நாள் இரைச்சல் அடங்கியது. தேனீக்கள் வழமைபோல வாவிக்கரைக் கண்டல் பூவுக்குப் போயின, வந்தன. அதற்கடுத்த நாள், முன்னையிலும் கூடுதலாகப் பறந்தன. எண்ணெய்க்கு எறும்பு ஏறவில்லை. பெட்டிகள் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை.

சின்னத்தங்கம் காலையும் மாலையும் வேலிப் பிரிவில் வந்து நின்றாள்.

"இன்னும் பறக்குது."

"ஓம்."

"எப்ப சாகும்?"

மங்கையற்கரசி குனிந்து பெட்டிகளின் கீழே மறுபடி பார்த்தாள்.

"நீதானே சொன்ன, பட்டவுடன சாகும் எண்டு? அவன்ட முகத்துக்கு நேர சொன்னியே! இப்ப பாரு, உன்ட பூச்சி கலியாண வீட்டுக்குப் போற மாதிரிப் பறக்குது. அங்க என்ட மனுசன் என்ன பாடு படுறாரோ."

நல்லரத்தினம் கிணற்றடியில் இருந்தான். நாலு நாளாக அவன் அக்காவோடு சரியாகப் பேசவில்லை. சின்னத்தங்கம் போனதும் அவன் எழுந்து வந்தான். சிப்பாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது சாகாது."

"ஏன்?"

"அண்டைக்கு நான் பூசினது வெறும் எண்ணெய் இல்ல. வயலுக்கு அடிச்சு மிஞ்சின பூச்சிமருந்தும் அதுக்குள்ள விட்டனான். கறையானுக்கு எல்லாரும் விடுறதுதானே. வேலிக்கட்டைக்கும் விடுறன், கதவு நிலைக்கும் விடுறன். வயல் வட்டைக்குப் போறவன் ஆரும் போத்தல் அடியைக் கொட்டுறதில்ல. உனக்குச் சொல்லணும் எண்டு எனக்கு விளங்கல்ல."

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்தால் சிப்பாய் திரும்பிப் பார்ப்பான்.

"மருந்து இப்ப இருக்கா?"

"என்னட்ட இல்ல."

மருந்து சின்னத்தங்கத்திடம் இருந்தது. அவளுடைய தகப்பனின் வட்டைக்கு அடித்து மிஞ்சியது. கேட்டதும் அவள் ஏன் என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்புக்குள் வைத்துக் கொண்டுவந்து, வேலி ஓட்டைக்குள்ளால் நீட்டினாள்.

"கூடக் கலக்கு," என்றாள். "அரையும் குறையுமாச் செஞ்சுராத."

மழைக்காலத்தில் பூ இல்லாதபோது தேனீக்களுக்குச் சீனிப்பாணி வைப்பது மங்கையற்கரசியின் வழக்கம். வீட்டிலிருந்த சீனி முழுவதையும் கரைத்தாள். மருந்தைக் கலந்தாள். சிரட்டைகளில் ஊற்றி, தேனீக்கள் விழுந்து அமிழ்ந்துவிடாமல் மேலே வைக்கோல் துண்டுகளைப் போட்டாள். கை பழக்கத்தில் போட்டுவிட்டது. போட்டபிறகுதான், அமிழ்ந்து சாவதற்கென்ன என்று தோன்றியது. வைக்கோலை அவள் எடுக்கவில்லை. தேனீக்கள் கால் ஊன்றி நின்று குடிக்கவேண்டும். குடித்து உள்ளே கொண்டுபோகவேண்டும்.

சிரட்டைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு மாமரத்தைக் கடந்தபோது சிப்பாய் எழுந்து வந்தான். சீனியின் மணம் அவனுக்குப் பிடிபட்டிருந்தது. முகாமில் அப்போது சீனிக்குத் தட்டுப்பாடு. அவன் சிரித்துக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் தள்ளிவிட்டு, ஒரு விரலைச் சிரட்டைக்குள் விட்டான்.

மங்கையற்கரசி அவன் கையில் ஓங்கி அடித்தாள்.

சிரட்டை விழுந்து உருண்டது. சிப்பாய் பின்னால் பாய்ந்து துப்பாக்கியை நீட்டினான். நல்லரத்தினம் கிணற்றடியில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் சிப்பாயின் விரலைப் பார்த்தாள்; அதிலிருந்து பாணி சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை வாய்க்குக் கொண்டுபோனால் அத்தனையும் முடிந்துவிடும். அவள் முன்னால் போய், துப்பாக்கி வாய் நெஞ்சில் முட்ட நின்று, அவன் விரலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். பெட்டிகளைக் காட்டி, "இது அதுகளுக்கு," என்றாள். பிறகு உள்ளே போய், மாம்பழம் ஒன்றைக் கழுவி, சிப்பாயின் விரலில் தண்ணீரும் ஊற்றிவிட்டு, அவனுக்குக் கொடுத்தாள்.

சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டினான். பிறகு சிரித்து, தன் பாஷையில் ஏதோ சொன்னான். உலோபி என்றோ பைத்தியம் என்றோ சொல்லியிருக்கலாம். மாம்பழத்தைத் தின்றான்.

அன்று வெயில் சாய்வதற்குள் முதற் பெட்டியின் வாசலில் தேனீக்கள் நடுங்கின. பறக்க எழும்பிச் சுழன்று விழுந்தன. உள்ளேயிருந்தவை வெளியே வந்து, விழுந்தவற்றின் மேல் விழுந்தன. அடுத்த நாள் காலை மூன்று பெட்டிகளின் கீழும் குவியல்கள் இருந்தன. மங்கையற்கரசி சிரட்டைகளை எரித்தாள். மிஞ்சிய பாணியை மண்ணுக்குள் புதைத்தாள். பெட்டி மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

கப்டன் உசனாரோடு வந்தான். குந்தியிருந்து, இறந்த தேனீ ஒன்றைச் சிகரெட் பெட்டித் தாளில் எடுத்துப் பார்த்தான். கால்களைக் குச்சியால் பிரித்துப் பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"நீ சொன்னது சரியாம்," என்றார் உசனார். "தன்ட வாப்பாக்கு இதக் கடிதத்தில எழுதப்போறாராம். இனி முகாமுக்குள்ள தோட்டத்துப் பக்கம் ஒயில் பூசப்படாது எண்டு கட்டளையும் போடுவாராம். தேன்பூச்சி இல்லாட்டிப் பூசணி காய்க்காதுதானே எண்டு கேக்கார்."

"வல்லிபுரத்த எப்ப விடுவாராம்?"

உசனார் கேட்டார். கப்டன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, குறுகிய பதில் ஒன்று சொன்னான். உசனார் அதை மொழிபெயர்க்காமல் படலையை நோக்கித் திரும்பினார்.

"காக்கா, என்ன சொன்னவர்?"

"அப்பிடி ஒரு ஆள் முகாமில இல்லியாம்."

சின்னத்தங்கம் வேலிக்கு அப்பால் நின்றாள். அவளுக்கும் அது கேட்டது. வேலிக்கம்பைப் பிடித்திருந்த கை சறுக்கிக் கீழே வந்தது.

ஜீப்பை நோக்கிக் கப்டன் போனபிறகு உசனார் ஒரு கணம் பின்தங்கினார்.

"வல்லிபுரத்த அண்டைக்கே லொறியில ஏத்திட்டாங்க புள்ள. நீ வாசலுக்கு வர முந்தியே. நான் கண்டனான்."

"கண்டுபோட்டா இந்தப் பரீட்சைக் கதைய எனக்குச் சொன்ன நீங்க?"

"நான் சொல்லியிருந்தா நீ அவடத்தயே குளறியிருப்ப. குளறினா அடுத்த லொறியில உன்னையும் ஏத்தியிருப்பான். அந்த மனுசனுக்குப் பொழுது போகணும், அவ்வளவுதான். உன்ட பூச்சி போனாப் போகட்டும், உன்ட உசிரு, ஹயாத்து மிஞ்சிச்சே."

"பூச்சிய எண்ணெய் கொல்லல்ல காக்கா."

உசனார் கைகளைக் காதுகளில் வைத்துக்கொண்டார். "எனக்குச் சொல்லாத. நான் மொழிபெயர்க்கிற ஆள். என்ட காதில விழுந்தா நான் அவருக்குச் சொல்ல வேண்டி வரும்." அவர் ஜீப்பை நோக்கி ஓடினார்.

அடுத்த வாரம் நல்லரத்தினத்தை முகாமுக்கு அழைத்தார்கள். வாசலுக்கு வெளியே, வாவியைப் பார்த்தபடி ஒரு பந்தல் போடச் சொன்னார்கள். மரம் அங்கேயே இருந்தது, அக்காவின் குற்றிகள். அவன் செதுக்கிய இடமெல்லாம் மரம் இரும்பைப்போல இருந்தது. கறுப்பெண்ணெய் பூசவேண்டாம், மேலே கொடித்தோடைப் பழக்கொடி படரவிடப் போகிறோம், பூச்சி வரவேண்டும் என்று கப்டனே வந்து நின்று சொன்னான். பிள்ளைகளைத் தேடி, புருசன்மாரைத் தேடி வாசலுக்கு வருகிற பெண்களை இனி அந்தப் பந்தலின் கீழ் இருக்கச் சொன்னார்கள். முன்பு அவர்கள் வெயிலில் நின்றார்கள்.

சின்னத்தங்கம் தினமும் போனாள். பந்தலுக்குக் கீழ் இருந்தாள். ஆனால் தூணில் முதுகைச் சாய்க்க மாட்டாள். கொடி பாதித் தூண் ஏறியிருந்த காலத்தில் ஒருநாள் மங்கையற்கரசியும் போய் அவள் பக்கத்தில் இருந்தாள். மடியிலிருந்து ஒரு தேன் போத்தலை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"வல்லிபுரத்துக்குச் சொன்னது."

சின்னத்தங்கம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மருந்து வைக்க முந்தியா, பிறகா?"

"முந்தி. மாசியில எடுத்தது."

"அப்ப நீயே வெச்சிரு. அவர்தானே கேட்டவர். எனக்கு நீ வாக்குத் தரல்ல."

அவள் போத்தலைத் திரும்பக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தூணின் அடியிலிருந்து எறும்புகள் சாரையாக வந்து போத்தலின் கழுத்தில் ஏறத் தொடங்கின. மங்கையற்கரசி அவற்றைத் தட்டிவிட்டுப் போத்தலை மடிக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற சிப்பாய், இருவரையும் பார்த்து, இன்று யாரையும் பார்க்க ஏலாது என்று கையால் காட்டினான்.